கொய்னா ஆறு காட்டும் நிலப்பிளவு

தக்காணப் பீடபூமி அசைவறியாத நிலம் என்பது நம்மவர் பலரின் எண்ணம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து ஆனதே நாம் வாழும் புனேயின் கருங்கல் நிலம். அதன் உறுதியை நம்பியே இங்கு வீடும் வாழ்வும் அமைத்துக் கொண்டோம். ஆயின் அக்கல்லினுள்ளும் பிளவு உண்டு. அதனை அறிய விழைவோர், சாத்தாரா வழியாகக் கராடு சென்று, மேற்கே திரும்பிக் கொய்னாநகர் வரை ஒருமுறை போய் வருதல் நன்று.

மகாபலேசுவரத்தில் பிறக்கும் கொய்னா ஆறு, சஹ்யாத்திரி மலைக்கு இணையாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தெற்கே ஓடுகிறது. பின்னர் ஹெல்வாக் அருகே சட்டென்று கிழக்கே திரும்பிக் கராட்டில் கிருஷ்ணையோடு கலக்கிறது. பீடபூமியின் சரிவு கிழக்கு நோக்கியதாயிருக்க, ஆறு தெற்கே நேர்கோடு கிழிப்பானேன்? நிலத்தடியில் வடக்குத் தெற்காகச் செல்லும் பிளவு பாறையை நொறுக்கி வைத்தது. நீர் அந்த எளிய வழியைப் பற்றிக்கொண்டது என்பர் புவியியலார்.

அந்த ஆழ்ந்த பள்ளத்தாக்கே அணைக்கும் ஏற்ற இடமாயிற்று. 103 மீட்டர் உயர அணையின் பின்னே சிவாஜி சாகரம் 1960-களின் தொடக்கத்தில் நிரம்பலாயிற்று. உடன் சிறு நடுக்கங்களும் தோன்றின. 1967 டிசம்பர் 11 விடியற்காலை, 6.3 அளவுள்ள பெருநடுக்கம் நேர்ந்தது. ஏறத்தாழ 180 பேர் மாண்டனர். கொய்னாநகரின் பெரும்பாலான வீடுகள் சிதைந்தன. அணையிலும் கீறல் விழுந்தமையால் பின்னர் அதனை வலுப்படுத்தினர்.

நீர் பிளவை உண்டாக்கவில்லை. முன்னமே இறுகி நின்ற பாறைக்குள் நீர் கசிந்து, பிளவின் இருபுறமும் வழுக்க இடந்தந்தது என்பது அறிஞர் கருத்து. இதனை ஆராய அப்பகுதியில் 3 கிலோமீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு, 2017-இல் முடித்தனர். கருங்கல் அடுக்கு ஏறத்தாழ 1,250 மீட்டரில் முடிய, அதன்கீழ் மிகப் பழைய பாறை தென்பட்டது.

இன்றும் அங்கே சிறு நடுக்கங்கள் ஓயவில்லை. ஆகவே இந்நகரில் வீடு வாங்கும் அன்பர்கள், விலையும் வெளிச்சமும் கேட்பதோடு, நடுக்கத்தைத் தாங்குமாறு கட்டடம் அமைக்கப்பட்டதா என்றும் கேட்டறிக. நிலநடுக்கத்தில் மாள்வோரில் பெரும்பாலோர், இடியும் சுவருக்கு அடியில் அகப்பட்டே மாள்கின்றனர். நிலத்தின் இயல்பு நம் கையில் இல்லை. சுவரின் உறுதியோ நம் கையில் உள்ளது.