பர்லியாரில் திணறிய பத்மினி... குன்னூர் மெக்கானிக் கண்டுபிடித்த நூலளவு இடைவெளி!

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு பாக்குத் தோப்புகளுக்குள் சாலை நுழையும்போதே காற்று மாறிவிடும். ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு அது சுகம். பழைய கார்பரேட்டர் காருக்கோ அங்கேதான் சோதனை ஆரம்பம்.

கோவையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவியோடு பிரீமியர் பத்மினியில் ஊட்டிக்குக் கிளம்பினார். 1089 சிசி இன்ஜின், கையால் இழுத்துவிடும் சோக். கல்யாணமான புதிதில் வாங்கிய கார். ''ஆசைக்கு ஒருமுறை ஊட்டி போய்ட்டு வந்துடுங்கப்பா, அப்புறம் வித்துடலாம்'' என்று மகன் சொல்லியிருந்தார்.

பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க நிறுத்தினார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் கரும்புகை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணைந்தது. முக்கி முனகி ஏறிய வண்டி, ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றேவிட்டது. பின்னால் பஸ் ஹாரன். அந்த அம்மா சட்டென்று இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

வேடிக்கை பார்த்தவர்கள், ''பெட்ரோல் ஆவியாகி அடைச்சிருக்கும், பம்ப் மேல ஈரத்துணி போடுங்க'' என்றார்கள். போட்டார்கள். பலனில்லை. அப்படி அடைத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போய்ச் சேராது, கரும்புகையும் வராது. இங்கே நாலடி தள்ளி நின்றாலே பெட்ரோல் வாடை. குறைந்தது பெட்ரோல் அல்ல, காற்று.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்றைய கார்களில் சென்சார் அதை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். கார்பரேட்டருக்கு அந்த விவரம் தெரியாது. மெயின் ஜெட் துளை வழியாகச் சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுக்கும்.

ஆனால், அதற்காக வண்டி நின்றுபோக வேண்டியதில்லை. இதே மலையில் எத்தனையோ பத்மினிகளும் அம்பாசடர்களும் ஏறி இறங்கியிருக்கின்றன. எப்படியோ உருட்டி, குன்னூர் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

''சோக்கை உள்ளே தள்ளிட்டீங்களா சார்?''

''தள்ளியாச்சேப்பா.''

நாப் உள்ளேதான் இருந்தது. ஆனால், கேபிள் துருப்பிடித்து இறுகியதால், கார்பரேட்டர் பக்கத்து லீவர் முழுசாகத் திரும்பவில்லை. நூலளவு இடைவெளி. மெக்கானிக் விரலால் லீவரை அழுத்தியதும் இன்ஜின் சத்தம் சீரானது. சமவெளியில் இதே கோளாறு வெறும் மைலேஜ் குறைவாகத்தான் தெரிந்திருக்கிறது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்று வீட்டில் முடிவுகட்டியிருந்தார்கள்.

பிளக்கைச் சுத்தம்செய்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, மிக்ஸர் ஸ்க்ரூவை அரைச்சுற்று உள்ளே திருப்பினார் மெக்கானிக். அது ஐடிலிங்குக்கு மட்டும்தான். ஏற்றத்தில் இழுவை கூடிவிடாது. ''கீழே போனதும் அரைச்சுற்று வெளியே எடுத்துடுங்க. மறந்தா ஐடிலிங் நிக்காது'' என்றார். இதைச் சொல்லாமல் அனுப்பும் மெக்கானிக்குகளும் உண்டு.

மறுநாள் காலை ஊட்டிக் குளிரில் சோக்கை முழுசாக இழுத்து ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். இன்ஜின் சூடேறச் சூடேற சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, பானெட்டைத் திறந்து லீவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார் ஆசிரியர்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டும் வேலையெல்லாம் அவரிடம் இல்லை. அது பிரேக்கைச் சூடாக்கி, உயிருக்கே உலை வைக்கும். செகண்ட் கியரிலேயே இறங்கினார்.

மேட்டுப்பாளையத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தி, ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ''அரைச்சுற்றுதானே சொன்னாரு?'' என்று கேட்டபடி டார்ச் பிடித்தார் மனைவி.

கோவை வந்ததும் புது சோக் கேபிள் மாட்டியாகிவிட்டது. விற்கும் பேச்சை மகன் இன்னும் எடுக்கவில்லை.