சீனக்குடா வானில் ஒரு வட்டம்

விமானத்தின் ஓசையைக் கேட்டமாத்திரத்தில் அதன் இனத்தைக் கூறவல்லோர் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள ஊர்களிற் பலர் உளர். இஃது எவரும் விரும்பிக் கற்ற கல்வியன்று. சம்பூரைச் சேர்ந்த ஒரு தாயும் அத்தகையோருள் ஒருத்தி. சீனக்குடாத் தளத்திலிருந்து எழும் பயிற்சி விமானத்தின் மெல்லிய முரற்சிக்கு அவள் அடுப்படி வேலையை நிறுத்துவதில்லை. 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் திகதி கேட்ட ஓசையை ஒத்த ஒன்று காதில் விழுந்தால் மட்டும் அவளுடைய கை ஒருகணம் நின்றுவிடும். அன்றும் மறுநாளும் சம்பூர்ப் பகுதியிற் குண்டுகள் வீழ்ந்தன. அவ்வாண்டே இடம்பெயர்ந்த குடும்பம் மட்டக்களப்பிலும், பின்னர்க் கிளிவெட்டி முகாமிலுமாகப் பல்லாண்டு கழித்தே ஊர் திரும்பியது. அந்நாளில் இடுப்பிற் சுமந்து செல்லப்பட்ட மகன் இன்று பல்கலைக்கழக மாணவன். விடுமுறைக்கு வீடு வந்ததும் அவன் செய்யும் முதல் வேலை, கணனியைத் திறந்து போர் விமானம் ஓட்டுவது.

அதனை வெறும் விளையாட்டென்று ஒதுக்குதல் பொருந்தாது. 2006இல் வெளிவந்த 'ஐ.எல்.2 ஸ்ரூர்மோவிக்: 1946' என்னும் பாவனைப் பறப்பு மென்பொருள், இரண்டாம் உலகப்போர்க்கால விமானங்களை அவற்றின் நிறை, இறக்கைப் பரப்பு, இயந்திர வலு ஆகியவற்றுக்கு அமைய இயங்கச் செய்வது. கைப்பிடியை அளவு மீறி இழுத்தால் இறக்கை காற்றின் பிடியை இழக்கும். விமானம் ஒருபுறம் கவிழ்ந்து சுழன்று வீழும். கடுமையான வளைவில் வானோடியின் தலையிலிருந்து குருதி கீழிறங்குவதைக் காட்டுமுகமாகத் திரை கருகும். தொடக்கத்தில் அவன் பகைவரால் வீழ்ந்ததைவிடத் தன் கையாலேயே வீழ்ந்தது அதிகம். நாளடைவில் ஒரு கணக்கு அவனுக்குப் புலப்பட்டது. உயரம் என்பது வைப்பிலிட்ட பணம், வேகம் கையிலுள்ள காசு, வளைவு செலவு. 60 பாகை சாய்ந்து உயரங் குன்றாது வளையும் விமானத்தின் இறக்கைகள் அதன் நிறையைப்போல் இருமடங்கைத் தாங்க வேண்டும். அதற்கான விலை வேகத்திலிருந்தே கழிக்கப்படும். விமானச் சண்டையில் வீழ்வோர் பெரும்பாலும் காசு தீர்ந்த பின்னரும் செலவு செய்ய முனைந்தவர்களே.

அவன் எப்போதும் தெரிவது ஹரிக்கேன் விமானம்; எதிரே நிறுத்துவது யப்பானியரின் சீரோ. இதற்குக் காரணம் அவனுடைய பாட்டனார். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் திகதி காலை, பத்து வயதுச் சிறுவனாகக் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் நின்று, வடக்கே துறைமுகத்தின் மேல் எழுந்த கரும்புகையைக் கண்டவர் அவர். முகாமின் தகரக் கூரையின் கீழ் அக்கதையைப் பலமுறை கூறினார். ஊர் திரும்பு முன்னரே காலமானார். எண்ணெய்க் குதம் ஒன்றின்மீது யப்பானிய விமானம் வீழ்ந்து, நாட்கணக்கில் எரிந்தது என்பது இன்றும் அங்கு வழங்கும் செய்தி. அன்று தீப்பற்றிய 'சகாயிங்' என்னும் கப்பல் 1943இல் வேண்டுமென்றே அமிழ்த்தப்பட்டு இறங்குதுறையாகப் பயன்பட்டது. 2018இற் கடற்படையினர் அதனை மீண்டும் மிதக்கச் செய்தபோது, பாட்டனார் இல்லையே என்று வீட்டிற் பேசிக்கொண்டனர்.

மென்பொருளில் திருகோணமலை இல்லை. ஆதலால் பசிபிக் தீவொன்றின் குடாவைச் சீனக்குடாவெனக் கொண்டு, அன்றைய காலையை அவன் அமைத்துக்கொண்டான். நகுமோ தளபதியின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறக்குறைய 90 குண்டுவீச்சு விமானங்களும் 40 சீரோக்களும் வந்தன. நான்கு நாட்களுக்கு முன்னர் கொழும்பு தாக்கப்பட்டபோது இரத்மலானையிலிருந்த ஹரிக்கேன்கள் எச்சரிக்கையின்றித் தரையிலேயே அகப்பட்டன. திருகோணமலைக்கு அந்நிலை நேரவில்லை. றேடார் முன்னறிவித்தது, பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் அணியினர் சீனக்குடாவிலிருந்து எழுந்தனர். முன்னரே உயரத்திலிருந்த சிலர் மேலிருந்து பாய்ந்து சீரோக்களைத் தாக்கவுஞ் செய்தனர். ஆயினும் முடிவில் எட்டு ஹரிக்கேன்கள் இழக்கப்பட்டன. எச்சரிக்கை இருந்தும் ஏன் இவ்வாறு நேர்ந்தது என்ற வினாவே அவனைப் பல இரவுகள் உறங்கவிடாதது.

விடையின் ஒரு பகுதி எளிய வகுத்தற் கணக்கில் உள்ளது. இரு விமானங்களின் இறக்கைப் பரப்பும் பெரிதும் வேறுபடவில்லை: சீரோவுக்கு 22 சதுர மீற்றருக்குச் சற்று மேல், ஹரிக்கேனுக்கு ஏறத்தாழ 24. நிறையோ, சீரோவுக்குச் சுமையுடன் ஏறக்குறைய 2,400 கிலோ. ஹரிக்கேன் அதனினும் ஏறக்குறைய 1,000 கிலோ கூடியது. ஆகவே சீரோவின் இறக்கையில் ஒவ்வொரு சதுர மீற்றரும் தாங்கும் சுமை மிகக் குறைவு; அது சிறு வட்டத்தில் வளையும். ஐரோப்பியப் போரிலோ நிலைமை மறுதலை. அங்கு ஜேர்மானிய மெசர்சிமித்தைவிட இறுக்கமாக வளைவதே ஹரிக்கேனின் பெரும் பலம். பின்னால் பகைவன் வந்தால் வளை என்பது அங்கு உயிர்காத்த பாடம். இங்கு அதே பாடம் உயிர்வாங்கியது. கற்றதை மறத்தல் கற்றலினும் கடிது. அதிலும் பின்னால் இருந்து சுடப்படும்போது மறத்தல் எங்ஙனம்?

மாற்றுவழி அறியப்படாமலும் இல்லை. வங்காள விரிகுடாவின் மறுகரையான பர்மாவிலும் சீனத்திலும், 1941 டிசெம்பர் முதல், அமெரிக்கரான செனோல்ற் தம் வானோடிகளை யப்பானியரோடு வளைந்து பொருதவேண்டாமென்று பழக்கியிருந்தார். உயரத்திலிருந்து பாய்தல், ஒருமுறை சுடுதல், அவ்வேகத்தோடு நில்லாது அகலுதல்: அவ்வளவே. சீரோவின் குறைகள் முற்றாக வெளிப்பட்டதோ பின்னர்தான். 1942 யூன் 4இல் அலூசியன் தீவுகளுள் ஒன்றான அக்குத்தானில் இறங்க முயன்ற சீரோ ஒன்று சதுப்பிற் கவிழ்ந்து, வானோடி இறந்தார். அடுத்த மாதம் அதைக் கண்டெடுத்த அமெரிக்கர், சான் டியேகோவிற் செப்பனிட்டுச் செப்ரெம்பரிற் பறந்து பார்த்தனர். வேகம் மிகுந்தால் அதன் பக்கச் சாய்வுப் பலகைகள் இறுகி அசைய மறுக்கும். இடப்புறம் புரள்வதைவிட வலப்புறம் புரள்வது அதற்குக் கடினம். மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் இயந்திரம் தடுமாறும். சீனக்குடாவில் இறந்தோர்க்கு இவ்வறிவு ஐந்து மாதம் பிந்தியது. மாணவனுக்கு அது மென்பொருளோடு இலவசமாகக் கிடைத்தது.

அதனைக்கொண்டு அவன் வெல்லத் தொடங்கினான். சீரோ பின்னால் வந்தால் மூக்கைத் தாழ்த்திப் பாய்வான். வேகம் ஏறியதும் வலப்புறம் புரண்டு விலகுவான். பத்துச் சண்டையில் எட்டு அவன் பக்கம். வென்றதில் மகிழ்ச்சியும் இருந்தது, மறைப்பானேன்?

ஒரு விடுமுறையில் வேறொன்றை முயன்றான். 261ஆம் அணியின் தலைவர் லூயிஸ், 1940இற் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் பொருது பேர்பெற்றவர். அன்று காலை அவர் தரையைவிட்டு எழுகையிலேயே சீரோவாற் சுடப்பட்டுக் காயமுற்றார். ஏறக்குறைய 200 அடி உயரத்திலிருந்து பரசூற்றிற் குதித்து உயிர் தப்பினார். அந்த எழுச்சியை மாணவன் அமைத்தான்: ஓடுபாதையில் ஹரிக்கேன், மேலே சீரோ. முதன்முறை சக்கரங்களை மடக்கு முன்னரே வீழ்ந்தான். இரண்டாம் முறை இடப்புறம் வளைந்து வீழ்ந்தான். நேரே சென்றான், கடல்மட்டத்தோடு ஒட்டிச் சென்றான். பாய்வதற்கு உயரமில்லை, புரள்வதற்கு வேகமில்லை. வைப்பும் இல்லை, கையிற் காசும் இல்லை. கற்றறிந்த உத்தி யாவும் தரையிலிருப்பவனுக்குப் பயன்படாதவை என்பதைப் பதினான்காம் முறையில் ஒப்புக்கொண்டான்.

காதுப்பொறி பழுதாயிருந்தமையால் அன்று ஓசை வீடெங்கும் கேட்டது. பின்னால் தாய் வந்து நின்றதை அவன் பிந்தியே உணர்ந்தான். பதறி ஒலியை அணைத்தான். அவள் கோபிக்கவில்லை, திரையையே பார்த்தாள்.

"கீழ நிக்கிறது ஆர், நீயோ?"

"ஓம் அம்மா."

"மேல நிக்கிறவன் நினைச்ச நேரம் இறங்கி வருவான். கீழ நிக்கிறவன் என்ன தம்பி செய்யிறது?"

அவன் விடை கூறவில்லை. திரையில் ஹரிக்கேன் ஓடுபாதையின் நுனியில் மீண்டும் ஆயத்தமாக நின்றது. சிறிது நேரத்திற் குடாவுக்கு மேலாகப் பயிற்சி விமானமொன்று முரன்றுகொண்டு சென்றது. தாய் அடுப்படிக்குத் திரும்பித் தேங்காய் துருவலானாள்.