138 மாடிக் கட்டடமும் அப்பாவும்

எனக்கு மிகவும் பிடித்த திரைப்படம் எது என்று யாராவது கேட்டால், நான் சற்றும் தயங்குவதில்லை. 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’ என்ற ஆங்கிலப் படம்தான் அது. நான் பிறப்பதற்கு முன்பே வெளியான அந்தப் படத்தை 1992இல்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

அப்பா வீடுகளுக்கு மின்கம்பி பொருத்தும் தொழிலாளி. ஒரு சனிக்கிழமை இரவு, அந்தப் படத்தின் வீடியோ நாடாவை வாடகைக்கு எடுத்து வந்தார். ஸ்கூடாயில் இருந்த எங்கள் வரிசை வீட்டின் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் அமர்ந்தோம்.

சான் பிரான்சிஸ்கோ நகரில் 138 மாடிகள் கொண்ட ஒரு கட்டடம். அதன் திறப்பு விழா இரவில், 135ஆம் மாடியில் விருந்து நடக்கிறது. கீழே 81ஆம் மாடியில் ஒரு சிறிய அறையில் தீப்பொறி விழுகிறது. கட்டடக் கலைஞராகப் பால் நியூமேனும் தீயணைப்புப் படைத் தலைவராக ஸ்டீவ் மெக்குவீனும் மக்களைக் காப்பாற்றப் போராடுகிறார்கள். மின்தூக்கியின் கதவு தீக்கு நேராகத் திறந்தபோது, நான் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்பாவோ வேறொரு காட்சியில் படத்தை நிறுத்தினார். செலவைக் குறைப்பதற்காகத் தரம் குறைந்த மின்கம்பிகளைப் பொருத்தியிருந்தது தெரியவரும் காட்சி அது.

“பார்த்தியாம்மா? சுவருக்குள்ள போற கம்பியை யாரும் பார்க்க மாட்டாங்க. அதனாலதான் அதை ஒழுங்காப் போடணும்” என்றார்.

மறு ஆண்டு, 1993 டிசம்பர் 11ஆம் நாள், சிலாங்கூரில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. 48 பேர் உயிரிழந்தனர். அங்கே தீப்பற்றவில்லை, பின்புறம் இருந்த மலைச்சரிவு சரிந்தது. அங்கு வடிகால் முறையாக இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. செய்தியைப் பார்த்த அப்பா நெடுநேரம் பேசவில்லை. எனக்கு அவர் நிறுத்திய காட்சி நினைவுக்கு வந்தது.

அப்படத்தை மீண்டும் பார்த்தேன். இம்முறை பெயர்ப் பட்டியலையும் விடாமல் படித்தேன். ஜான் கில்லர்மின் இயக்கிய அந்தப் படம் இரண்டு நாவல்களை இணைத்து உருவானது. இரண்டு பெரிய நிறுவனங்கள் கூட்டாகத் தயாரித்தது. மூன்று ஆஸ்கார் விருதுகளை வென்றது. ஒரு படத்திற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பா என்று வியந்தேன். அன்றுமுதல் பார்க்கும் படங்களின் பெயர், ஆண்டு, இயக்குநர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அம்மா ஓர் உண்மையைச் சொன்னார். நாங்கள் படம் பார்த்த அந்த வாரத்தில்தான் அப்பா ஒரு வேலையை இழந்திருந்தார். மெல்லிய, மலிவான கம்பியைப் பொருத்தும்படி ஒரு குத்தகையாளர் சொல்ல, அப்பா மறுத்துவிட்டாராம். இரண்டு மாதம் அம்மாவின் தையல் வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது.

அவ்வாண்டு எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன மிதிவண்டி வரவில்லை. அதற்காக நான் அப்பாவிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.

இப்போது என் பிள்ளைகளுடன் அப்படத்தைப் பார்க்கிறேன். மின்கம்பிக் காட்சி வந்ததும் நானும் படத்தை நிறுத்துகிறேன். வராமல் போன அந்த மிதிவண்டியின் கதையைச் சொல்கிறேன்.