ஆறவிட்ட தேத்தண்ணி

பங்குனி பிறந்தால் எங்கள் கிணற்றில் வாளிக்கயிறு இரண்டு முழம் கூடுதலாக இறங்கும். அன்று தொடங்கித் தேநீரின் முகமும் மாறிவிடும். செக்கச் சிவந்து இறங்க வேண்டிய சாயம் மண் கரைத்ததுபோல மங்கும். ஆற ஆற மேலே மெல்லிய ஏடு படியும். பால் ஊற்றிவிட்டால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. பாலில்லாமல் கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்டுக் குடிக்கிற தேநீருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. தண்ணீரின் குறை, இலையின் குறை, போட்டவளின் அவசரம் எல்லாம் டம்ளரில் அப்படியே தெரியும்.

சௌல்தாரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் கோடையில் ஐஸ் டீ போட ஆரம்பித்தேன். பதினான்கு வருஷம் ஆகிறது. போர்ட் பிளேரிலிருந்து அதிக தூரமில்லாத ஊர் எங்களுடையது. அந்தமான் நிக்கோபார் தலைநகரான அதன் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. பேச்சில் எங்களுக்கு இன்னும் போர்ட் பிளேர்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் தீவு இது. ஆனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் கையை விரித்துவிடும். குளிர்ந்த தேநீருக்கு நாக்கு ஏங்குவதும் தண்ணீர் கெடுவதும் ஒரே மாதங்களில்தான்.

அதனால் என் ஐஸ் டீ வேலை டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. ஓட்டுச் சரிவிலிருந்து வரும் மழைநீரை, முதல் கால்மணி நேரம் ஓடவிட்டு, வேட்டித்துணியில் வடிகட்டி, மூடி போட்ட தொட்டியில் பிடித்து வைக்கிறேன். குடிக்க எடுக்கும்போதெல்லாம் கொதிக்க வைத்துத்தான் எடுப்பேன். கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள் தேயிலைச் சாயத்தோடு சேர்ந்துதான் அந்த ஏட்டை உண்டாக்குகின்றன. மழைநீரில் அந்த உப்புகள் கிடையாது. ஒரே இலை, ஒரே அளவு, ஒரே நேரம் வைத்து இரண்டு தண்ணீரிலும் போட்டு இரண்டு டம்ளரையும் ஜன்னல் திண்டில் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று ரத்தினம்போல ஒளியை உள்ளே விடும், மற்றது வாங்கிக்கொண்டு திருப்பித் தராது.

தேயிலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அத்தையிடம் கற்றது. அத்தை என்றால் என் மாமியார்; இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க வேண்டிய 5,25,000 பேரில் அவர் குடும்பமும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்தார்கள். அப்படி வந்தவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. டேன்டீ என்ற இன்றைய அரசு தேயிலை நிறுவனம் 1968இல் அந்த மறுவாழ்வுத் திட்டமாகத்தான் பிறந்தது. அத்தை குடும்பத்துக்கு விழுந்தது கச்சால். 1970களில் நிக்கோபாரின் அந்தத் தீவுக்கு, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட அனுப்பப்பட்டார்கள். கொழுந்து பறித்த விரல்கள் கத்தி பிடித்தன. 2004 சுனாமியில் கச்சால் பெரும் இழப்பைக் கண்ட பிறகு குடும்பம் மெல்ல மெல்லத் தெற்கு அந்தமானுக்கு நகர்ந்து வந்தது.

அத்தை வாயில் அது தேநீர் இல்லை, தேத்தண்ணி. சர்க்கரை இல்லை, சீனி. "நல்ல தூளெல்லாம் கப்பல்ல போயிரும் புள்ள. எங்களுக்குக் கூட்டி அள்ளினதுதான்" என்பார். பாலில்லாத வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, நாக்கால் தொட்டுத் தொட்டு ஒரு மிடறு. இனிப்பை மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த வழி அது.

அவர் முன்னால் நான் முதன்முதலாக ஐஸ் டீ போட்ட நாளை மறக்க முடியவில்லை. ஊரிலிருந்து என் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். கடையில் கிடைத்த டஸ்ட் டீயைக் கொதிக்கக் கொதிக்க விட்டு, சுடச்சுட ஐஸ் மேல் ஊற்றினேன். கண்ணெதிரே கலங்கிப்போனது. சாயம் பழுப்பாகத் திரண்டு, குழந்தைகள் குடிக்காமல் தள்ளி வைத்தார்கள். சர்க்கரையை அப்புறம் போட்டுக் கலக்கியதால் அது கரையாமல் அடியில் மணலாகக் கிடந்தது. அத்தை டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதை ஏன் இப்படி அடிச்சே?" என்றார். கோபமில்லை. கைக்குழந்தையை அடித்தவளைக் கேட்கிற குரல்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. தேயிலையில் உள்ள கஃபீனும், சிவப்பு நிறம் தரும் துவர்ப்புப் பொருட்களும் சூட்டில் தனித்தனியே கரைந்து நிற்கின்றன. குளிர்ந்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நுண்ணிய துகள்களாகத் திரள்கின்றன. சாயம் எவ்வளவு கெட்டியோ, குளிர்ச்சி எவ்வளவு திடீரென்று வருகிறதோ, கலங்கல் அவ்வளவு கூடும். ருசி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கொதிநீர் கொஞ்சம் ஊற்றினால் மறுபடி தெளியும். ஆனால் திரண்ட தேநீர் நாக்கில் மாவுபோல நிற்கும், வழுக்கிக்கொண்டு இறங்காது. எனக்கு அது பெரிய குறை.

இப்போது நான் போடுகிற முறையைச் சொல்கிறேன். அரை லிட்டர் மழைநீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிடுவேன். கொதிக்கும்போது இலையைப் போடுவதில்லை. நீலகிரி இலைத் தேயிலை, தூளாக அரையாமல் முறுக்கிச் சுருட்டியது, நான்கு தேக்கரண்டி. கப்பலில் சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து வரும் சரக்கு; கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்து வாங்குகிறேன். ஆறினாலும் எளிதில் கலங்காத குணம் நீலகிரி இலைக்கு உண்டு, அதனாலேயே ஐஸ் டீக்கு அதைத் தேடுகிறார்கள். டஸ்ட் டீ பாலுக்குப் பிறந்தது. அதனிடம் தெளிவைக் கேட்பது நியாயமில்லை. மூடி வைத்து ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் துவர்ப்பு ஏறத் தொடங்கும். வடிகட்டும்போது இலையைப் பிழியவே கூடாது. பிழிந்தால் வருவது துவர்ப்பு மட்டுந்தான்.

சர்க்கரை இந்த இடத்தில்தான் சேர வேண்டும், இன்னும் ஆவி பறக்கும்போதே. 100 கிராம். பலரும் பிரிட்ஜிலிருந்து எடுத்தபின் கலக்குகிறார்கள். குளிர்ந்த நீரில் சர்க்கரை கரைய மனசில்லாமல் கரையும். சூட்டில் கரைந்த இனிப்பு அடியிலிருந்து நுனிவரை ஒன்றுபோல நிற்கும். அதோடு சமையல் சோடா, இரண்டு விரலில் நிற்கிற அளவில் பாதி. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல வீடுகளில் உள்ள வழக்கம் இது. துவர்ப்பைத் தணிக்கும், நிறத்தை ஆழமாக்கும். கூடினால் சோப்பு வாடை. எங்கள் வீட்டுக் கிராம்பு மரத்திலிருந்து ஒரு மொட்டும் போடுவேன், ஒன்றே ஒன்று.

பிறகு அரை லிட்டர் ஆறின நீரை மெதுவாகச் சேர்த்து, மெல்லிய துணி போட்டு மூடி, சமையல்மேடை மூலையில் வைத்துவிடுவேன். சூடு முழுதும் அதுவாகவே இறங்கிய பிறகுதான் பிரிட்ஜ். ஒரு மணி நேரமாவது ஆகும். அதைக் குறைக்க எனக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை. ஆறிய பிறகு வெளியே விடவும் கூடாது. இந்தப் புழுக்கத்தில் இனிப்புச் சாயம் சீக்கிரம் புளித்துவிடும். மறுநாளைக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்.

ஐஸ் டீ பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்காகக் கடை போட்டிருந்த ரிச்சர்ட் பிளெச்சின்டன் என்பவர், வெயிலில் சூடான தேநீர் விலைபோகாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்றும், ஐஸ் டீ அப்படித்தான் பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. நம் நாட்டுத் தேயிலைக்குப் பெருமைதான். ஆனால் அதற்கு 25 ஆண்டுகள் முன்பே, 1879இல், வர்ஜீனியாவில் மரியன் கேபெல் டைரீ தொகுத்த சமையல் புத்தகத்தில் செய்முறை அச்சாகியிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேண்டுமானால் காலையிலேயே போட்டு வைக்கச் சொல்கிறார். வடிகட்டும்போது கலக்காதே, அடிமண்டியை விட்டுவிட்டு ஊற்று என்கிறார். இதைப் படித்தபோது அந்த அம்மாள் என் சமையலறையில் நின்று பேசுவதுபோல இருந்தது. சர்க்கரையை மட்டும் டம்ளரில் ஐஸோடு போடச் சொல்கிறார். அதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஐஸைப் பற்றி இங்கே யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கவலைப்பட வேண்டும். 1840களில் அமெரிக்காவின் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் மெட்ராஸ் வந்து, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸில் கிடந்தது. அவ்வளவு அருமையாக இருந்த பொருளை நாம் மீனோடு மீனாகப் போட்டு வைக்கிறோம். தீவில் எந்த வீட்டு பிரீசரைத் திறந்தாலும் சூரையோ வஞ்சிரமோ இருக்கும். ஐஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல தேயிலையும் அதில் தோற்றுப்போகும். நான் ஐஸ் தட்டை மூடியுள்ள டப்பாவுக்குள் வைக்கிறேன். தட்டிலும் தண்ணீருக்குப் பதில் அதே தேநீரைத்தான் ஊற்றுகிறேன்; உருகினாலும் நீர்த்துப்போகாது. மின்சாரம் போய்ப்போய் வருகிற மதியங்களில் கட்டி பாதிதான் உறையும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், நொறுங்கிய பனிபோல.

எலுமிச்சை கடைசியில், டம்ளரில் மட்டும். நான்கு சொட்டு விழுந்ததும் கருஞ்சிவப்பு தேன் நிறத்துக்கு வெளுப்பதைப் பார்க்க என் மகள் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து நிற்பாள்.

ஆறின தேத்தண்ணியை மனுசன் குடிப்பானா என்று அத்தை ரொம்ப நாள் தொடவேயில்லை. போன பங்குனியில் ஒரு மதியம், கரண்ட் இல்லாத நேரம், டம்ளரை வாங்கி ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்தார். பின்னால் பாக்கு மரங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மரம் தெரியுது புள்ள. இலை எந்த மலைது?"

"குன்னூர்ப் பக்கம் அத்தை."

உள்ளங்கையை நீட்டினார். புரிந்துகொண்டு சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனேன். "வேணாம், இதுலயே இருக்கு" என்று கையை இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார்.