புல்லில் ஒரு முடிச்சு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் மாடிப்படியில் டப் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். எதிர்வீட்டுப் பெண் மலையிலிருந்து திரும்பி, வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைத் தட்டுகிறாள் என்று அர்த்தம். காலையில் கதவைத் திறந்தால் கோலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் செம்மண் உதிர்ந்து கிடக்கும். கோட்டூர்புரத்து ஆற்றங்கரை மண்ணுக்கு அந்த நிறம் கிடையாது. அதைப் பெருக்கித் தள்ள எனக்கு மனசு வருவதில்லை.

அவளும் நண்பர்களும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறார்கள், இரண்டு நாள் நடக்கிறார்கள், திங்கட்கிழமை ஆபீஸ். போன மாதம் ஜவ்வாது மலை. திரும்பும்போது முதுகுப்பையோடு ஒரு சாக்கும் வந்தது. அருவிக்கரையில் பொறுக்கிய தண்ணீர் பாட்டில்களும் சிப்ஸ் உறைகளும். "அங்கேயே விட்டா அடுத்த மழையில ஓடைக்குப் போயிடும் ஆன்ட்டி" என்றாள்.

ஜவ்வாது என்ற பேரைக் கேட்டதும் எனக்கு 1984 ஞாபகம் வந்துவிட்டது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் பத்து நாள். ஓடையிலிருந்து ஊர்வரை மண்வெட்டி பிடித்துப் பாதை போட்டோம். எட்டாம் நாள் எல்லோருமாக மலையேறினோம். என் செருப்பின் வார் அறுந்ததில் நானும் தோழியும் பின்தங்கிவிட்டோம். ஒரு பாறைக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்தது. கூப்பிட்டோம், பதில் இல்லை. அகலமாக இருந்த பாதையில் போனோம். ஒரு மணி நேரம் நடந்தபின் அது ஆடுகள் இறங்கி இறங்கிப் பதிந்த தடம் என்று தெரிந்தது. தண்ணீரும் தீர்ந்துபோயிருந்தது.

விறகுக் கட்டோடு வந்த ஓர் அம்மாள்தான் எங்களைப் பார்த்தார். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். பேரைக் கேட்டுக் கேரளம் என்று நினைத்துவிடக் கூடாது, பேச்சு தமிழ்தான். அந்தம்மாள் எங்களைத் திட்டவில்லை. "முன்னால போனவங்க ஒண்ணும் வச்சிட்டுப் போகலியா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரியவில்லை. திரும்ப அந்தக் கவட்டுப் பாதைக்கே கூட்டிவந்தார். விறகை இறக்கி வைத்தார். ஒரு பச்சைக் கிளையை ஒடித்துத் தவறான பாதையின் குறுக்கே போட்டார். காற்றில் போகாமல் இருக்க அதன்மேல் ஒரு கல். பிறகு எங்களைப் பார்த்து, "பின்னால வர்றவங்க இருக்காங்கல்ல" என்றார். எங்களுக்குப் பின்னால் யாருமே இல்லை. அதை நான் சொல்லவும் சொன்னேன். அவர் கிளையை எடுக்கவில்லை. அன்று அவர் வீட்டில் குடித்த சாமைக் கஞ்சியின் ருசி போய்விட்டது. கிளைமேல் வைத்த அந்தக் கல் மட்டும் அப்படியே கண்ணில் இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு, நடக்கும் தூரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்வருவது வழக்கமாயிற்று. 2010-இல் திறந்த கட்டடம். அதன் தமிழ்ப் பகுதியில்தான் மலைபடுகடாத்தை முதன்முதலாக முழுசாக, உரையோடு படித்தேன். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி, பெருங்கௌசிகனார் பாடியது. உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றாமல் இருந்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. நன்னன் என்ற மன்னனிடம் பரிசு வாங்கிவந்த கூத்தன், வறுமையில் வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். நன்னனின் நவிரமலையை இன்றைய பருவதமலை என்பார்கள், ஜவ்வாதுக்குப் பக்கம்தான். செங்கண்மா என்ற அவன் ஊர்தான் இன்றைய செங்கம்.

எத்தனை நுணுக்கமாக வழி சொல்கிறான்! தினைப்புனத்தருகே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள். பரண்மேல் இருப்பவர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் பக்கத்து மூங்கிலையும் கோரைத் தண்டையும் பிடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள். ராத்திரி ஆனால் குகையில் தங்குங்கள். குறவர் வீடுகளில் நன்னனிடம் போகிறோம் என்று சொன்னால் போதும், சொந்தக்காரரைப்போல் சோறு போடுவார்கள். மலையின் சத்தங்களைக்கூட ஒன்றொன்றாகச் சொல்கிறான். தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டும் அதில் உண்டு. இப்படி அடி அடியாக வருகிறபோது, பாதைகள் கூடும் இடத்தில் ஒன்று சொல்கிறான். நீங்கள் இந்த நிலத்துக்குப் புதியவர்கள். அந்தச் சந்தியைத் துடைத்து, புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்று.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். புதிதாக வருபவனிடம், வழி தெரியாதவனிடம், இன்னும் பரிசே வாங்காதவனிடம் அந்த வேலையை ஒப்படைக்கிறானே! வழி தெரிந்த ஊர்க்காரருக்குப் புல் முடிச்சு எதற்கு? விறகை இறக்கி வைத்த அந்த அம்மாள் மலைபடுகடாம் படித்தவர் இல்லை. அவர் செய்ததும் இதுதான்.

2018 மார்ச் 11-ஐ நினைக்காமல் மலைப்பாதை பற்றி எழுத முடியாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிய இளைஞர்களைக் காட்டுத்தீ வளைத்தது. 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன பெண்கள் அதில் பலர். எரிந்தது காய்ந்த புல். முதலில் மேலே ஓடியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். அந்த வாரம் முழுக்க எதிர்வீட்டில் அவள் அம்மா மலை என்ற வார்த்தையையே எடுக்கவிடவில்லை. பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசே 40 பாதைகளைத் திறந்தபோது, மலைவாழ் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். வழி தெரிந்தவர் கூட வரும் பாதையில்தான் அவள் இப்போது போகிறாள். அதனால்தான் அவள் அம்மாவும் தூங்குகிறார்.

மலையில் மட்டுமில்லை, ஊருக்குள்ளும் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 2015 வெள்ளத்தில் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தபோது, யார் எவர் என்று தெரியாத பையன்கள் நாலு பேர் இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டோடு வந்தார்கள். முன்னால் வந்தவன் கழியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தான். சாக்கடை மூடி ஒன்று திறந்து கிடந்தது. எங்கிருந்தோ ஒரு வேப்பங்கிளையை முறித்து அதில் நட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

போன ஞாயிறு எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மலை இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள மரப்பூங்காவுக்கு வருகிறீர்களா என்று கேட்டாள். குப்பைமேடாகக் கிடந்த இடத்தில், 2006 முதல் 'நிழல்' அமைப்பும் தன்னார்வலர்களும் நம் ஊர் மரங்களாகவே வைத்து வளர்த்தது. களை எடுக்கிறவர்கள் தவறிப் பிடுங்கிவிடாமல் இருக்க, புதுக் கன்றுகளுக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். கை வேலையாக இருக்கையில் அந்த அம்மாள் கதையையும் கூத்தன் கதையையும் சொன்னேன்.

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். குனிந்து, நீளமாக வளர்ந்திருந்த புல்லில் ஒரு கொத்தைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்ததால் முறிந்துவிட்டது. அடியில் பச்சையாக இருந்ததாகப் பார்த்து மறுபடியும் போட்டாள்.