பழைய புத்தகத்துக்கு ஒரு விலை



பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. சென்னையில் இருக்கும் என் மகள் போன வாரம் போனில் ஒரு பட்டியல் வாசித்தாள். பேத்திக்குப் புத்தகம், நோட்டு, ஷூ, பை, மழைக்கோட்டு. "ஃபீஸ் கட்டினதுக்கு மேல இத்தனைப்பா" என்றாள். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் அதே பள்ளியில் ஒரு வகுப்பு மேலே படிக்கும் பெண் இருக்கிறாள். "அந்தப் பொண்ணோட புத்தகத்தைப் பாதி விலைக்குக் கேளேன்மா" என்றேன். "ஐயோ, நாலு பேர் என்னப்பா நினைப்பாங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1966இல் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் நைனா லுங்கி நெய்பவர். (நம்ம ஊரில் பல வீடுகளில் அப்பாவுக்கு நைனா என்றுதான் பெயர். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அல்லவா!) எங்கள் தெருவில் வசதியான ஒரு வீட்டுப் பையன் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தான். அவர்கள் வீட்டில் கூப்பிட்டு, "புத்தகமெல்லாம் சும்மாதான் கிடக்குது, எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். நைனா கும்பிட்டுவிட்டு வேண்டாம் என்று வந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு ரயிலேறினார்.

சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட். 1900 முதல் இருந்த சிவப்புக் கட்டடம். அங்கே பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். நைனா பேரம் பேசி, பாதிக்கும் குறைந்த விலைக்கு என் புத்தகங்களை வாங்கினார். ரயில் கட்டணத்தையும் சேர்த்தால் அதில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. சும்மா கிடைத்ததை விட்டுவிட்டு இது என்ன கணக்கு என்று எனக்கு எரிச்சல். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். நைனா ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கணக்கு எனக்குப் புரிய இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. புரியவைத்தது என் மாணவன் ஒருவன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிளஸ் டூ முடித்துப் போகிறவர்களிடம் புத்தகம், கிளார்க்ஸ் டேபிள், ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் வாங்கி ஸ்டாஃப் ரூம் பீரோவில் சேர்த்து வைத்திருந்தேன். ஜூன் மாதம் வகுப்பில் நின்று, "புத்தகம் வாங்க வசதியில்லாதவங்க எழுந்து நில்லுங்க" என்றேன். நல்லது செய்கிற தோரணை வேறு. யாரும் எழவில்லை. எனக்கு ஒரு பையனின் வீட்டு நிலைமை தெரியும். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் புத்தகக் கட்டைக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அந்தக் கட்டு, கட்டிய சணல் கூட அவிழாமல் என் மேஜையில் இருந்தது. "வேணாம் சார்" என்றான். "இந்த வயசுல இவ்வளவு திமிரா?" என்று கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்தபடி போனான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கும்பிட்டு வேண்டாம் என்று சொன்ன நைனாவின் முகம்தான் கண்முன் நின்றது. நைனா காட்டியது திமிர் இல்லை என்றால், இவன் காட்டியதும் திமிர் இல்லை.

அடுத்த நாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "இந்தக் கட்டு பத்து ரூபாய். அஞ்சு இப்போ, அஞ்சு பொங்கலுக்கு. வாங்கிக்கிறியா?" அவன் நிமிர்ந்து பார்த்தான். "புக்கு எல்லாம் சரியா இருக்குதா சார்?" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பக்கம் புரட்டிப் பார்த்துத்தான் வாங்கினான். வாங்குகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. சும்மா வாங்குகிறவன் கிழிந்த பக்கத்தைப் பற்றிக் கேட்க முடியுமா?

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை அந்த பீரோவில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருந்தது. யாரையும் எழுந்து நிற்கச் சொன்னதில்லை. வந்த காசு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போகும். மறுவருஷம் பைண்டிங்குக்கும் அட்டைக்கும் அதிலிருந்து எடுப்போம். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வாங்க ஆரம்பித்தார்கள். அப்புறம் யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. உங்களில் பல பேர் அந்த பீரோவில் வாங்கியவர்கள்தானே?

சிக்கனம் பற்றிக் கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் தெரிந்த சில விஷயங்கள்:

புத்தகம் வாங்கும்போது பதிப்பு ஆண்டைப் பாருங்கள். நம் மாநிலப் பாடநூல்கள் 2018-19இல் மாறத் தொடங்கின. பாடத்திட்டம் மாறிய பிறகு பழைய புத்தகம் எடைக்குத்தான் ஆகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகமும், எட்டாம் வகுப்பு வரை சீருடையும் விலையில்லாமல் கிடைக்கின்றன. அவர்களுக்கு அகராதி, வழிகாட்டி நூல் போன்றவற்றைத் தேடினால் போதும்.

மழைக்கோட்டு, ஸ்வெட்டர், சைக்கிள், கொலு பொம்மை, குழந்தையின் நடைவண்டி ஆகியவை வருஷத்தில் சில நாளோ, வாழ்க்கையில் சில மாதமோதான் பயன்படும். இவற்றைப் பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம். சென்னையில் இருப்பவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். சீசனுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். மழை வந்த பிறகு மழைக்கோட்டு தேடினால் பழையதற்கும் விலை ஏறிவிடும்.

ஹெல்மெட், பிள்ளைகளின் ஷூ, பழைய கேஸ் அடுப்பு மட்டும் வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் விரிசல் வெளியே தெரியாது. ஷூ முதலில் போட்டவரின் காலுக்குப் படிந்திருக்கும்.

போகிக்கு முந்தின வாரமே பரணைப் பாருங்கள். நெருப்பில் போடுவதற்கு முன்னால் இன்னொருவருக்கு உதவுமா என்று யோசியுங்கள். கொடுக்கும்போது, வாங்குகிறவர் விரும்பினால் ஒரு சின்ன விலை சொல்லுங்கள். அல்லது அவரிடமிருந்தும் ஏதாவது ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் போனால் நாம் இறங்கும் இடத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். அங்கே இறங்கும்போதெல்லாம் புத்தக மூட்டையோடு முன்னால் நடந்த நைனா நினைவுக்கு வருகிறார்.

நேற்று மகள் மறுபடி பேசினாள். கேட்டுவிட்டாளாம். அந்த அம்மா, "சும்மாவே எடுத்துக்குங்க" என்றாராம். "இல்லக்கா, பாதி விலை வாங்கிக்குங்க" என்று கொடுத்தாளாம். உடனே மூன்றாவது மாடிக்காரர், "உங்க பொண்ணு புத்தகத்தை எங்களுக்குத் தர்றீங்களா?" என்று கேட்டாராம். நாலு பேர் நினைத்தது அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையன் பொங்கலுக்கு மீதி அஞ்சு ரூபாயைச் சரியாகக் கொண்டுவந்து கொடுத்தான். "திமிர்" என்று சொன்னதற்காக நான் அவனிடம் வருத்தம் தெரிவிக்கவே இல்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்பதா என்ற வீம்பு. தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், அன்று தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. திருத்தணிக்கு வந்தால் வீட்டுக்கு வா.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்