பெரணமல்லூர்க் காற்று

ஆரணியிலிருந்து தென்கிழக்கே பஸ்ஸில் புறப்பட்டால், பட்டணத்துச் சந்தடி காதை விட்டு அகலுவதற்கு முன்பே நெல் வயல்களும் வேர்க்கடலைக் கொல்லைகளும் ஏரிக்கரைகளும் வந்துவிடுகின்றன. யாரோ வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்கி வைக்க மறந்து போனதைப் போல ஆங்காங்கே கருங்கல் குன்றுகள். அவற்றில் ஒன்றின் மேல்தான் ஆவணியாபுரத்து லக்ஷ்மி நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். சரித்திரப் பிரியர்களுக்கு, 1760-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் நாட்டை யார் விழுங்குவது என்று போர் செய்த வந்தவாசி இன்னும் கொஞ்ச தூரத்தில் கிழக்கே இருக்கிறது. இவற்றுக்கு நடுவே, சண்டைக்கும் சச்சரவுக்கும் சம்பந்தமில்லாமல் தறி ஓசையோடு வாழ்கிற ஊர் பெரணமல்லூர். அருகே செய்யாற்றங்கரையில் இஞ்சிமேடு என்னும் வைஷ்ணவ ஸ்தலம். யாத்திரை வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போய்விடுகிறார்கள். நெசவாளர் வீதிக்குள் நுழைந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

அந்த வீதியைப் பார்க்க விரும்புகிறவர்கள் பொழுது விடியும் நேரத்தில் போக வேண்டும். பட்டுப் பாவை வீதியின் நெடுக நீட்டிக் கட்டி, இரு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று, அறுந்த இழைகளைப் பிணைத்து ஒழுங்கு செய்வார்கள். ஆயிரக்கணக்கான இழைகள் இளவெயிலில் ஒரு வாய்க்கால் நீரைப் போல மினுமினுக்கும். அப்பொழுது பேச்சுக் கூட மெல்லிய குரலில்தான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காற்று. இழைகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்கிக்கொண்டால் ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்புக்கு ஆபத்து. ஆகையால் தெருக்கோடியிலுள்ள வேப்ப மரத்தின் இலை அசைகிறதா என்று பார்த்த பின்தான் பெரியவர்கள் பாவை வெளியே எடுக்கிறார்கள்.

“நம்ம ஊருக்கு ஸ்வாமி கொடுத்த வரமே இந்த அசையாத விடியற்காலந்தானுங்க ஐயா” என்று எழுபது வயது நெசவாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். குழித்தறியின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழியில் தொங்கவிட்டு மிதியை மிதித்தபடியே சொன்னார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி ராட்டையில் தார் சுற்றிக் கொண்டிருந்தாள்.

அவருடைய மகனுக்கோ காற்றின் மீது வேறு விதமான ஆசை பிறந்திருந்தது. பையனுக்கு வயது இருபத்தாறு. ஜக்கார்டுப் பெட்டி மாட்டிய தறியில் நெய்கிறவன். முகூர்த்த காலத்தில் இரவில் கண் விழித்து நெய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் நின்று விடுகிறது. இருட்டில் ஜரிகை இழை கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த நிலையில் யாரோ ஒரு வியாபாரி ஒரு வர்ணத் துண்டுப் பிரசுரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மொட்டை மாடியின் மேல் அழகான மூன்று இறகுக் காற்றாடி, கீழே சிரித்த முகத்துடன் ஒரு குடும்பம், “உங்கள் வீட்டிலேயே 1 கிலோவாட்!” என்று கொட்டை எழுத்து. விலை ஒரு லட்சத்துக்கும் மேலே. பெண்டாட்டியின் நகையை அடகு வைத்தால் முன்பணம் கட்டிவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

“வாத்தியாரய்யா, நீங்க ஸயன்ஸ் படிச்சவரு. வாங்கலாமா, வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றான்.

ஒரு குடும்பத்தின் நகை சம்பந்தப்பட்ட விஷயத்தில், கேட்ட மாத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லி விடுவது தர்மமல்ல. “கொஞ்சம் பொறு தம்பி, விடுமுறையில் தெற்கே போகிறேன். காற்று குடியிருக்கும் ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றேன். நாகர்கோவிலில் ஒரு கலியாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. வைகாசி கடைசி, தென்மேற்குக் காற்று ஆரம்பிக்கும் சமயம்.

மதுரையைத் தாண்டித் திருநெல்வேலிச் சாலையில் கயத்தாறு வருகிறது. 1799-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 16-ஆம் தேதி, வீரபாண்டிய கட்டபொம்மனை ஆங்கிலக் கம்பெனியார் தூக்கிலிட்ட இடம். தமிழன் எவனும் அந்த ஊரைக் கடந்து போகும்போது ஒரு கணம் மௌனமாகிவிடுவான். அதே கயத்தாற்றில்தான் இன்று காற்றாலைகளைப் பரீக்ஷை செய்யும் நிலையம் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் 1998-இல் ஏற்பட்ட தேசியக் காற்றுச் சக்தி நிறுவனத்தைச் சேர்ந்தது அது. பெரிய யந்திரங்களை மட்டுமல்ல, வீட்டுக்கும் வயலுக்கும் ஏற்ற சிறிய யந்திரங்களையும் அங்கே நிறுத்தி, எந்தக் காற்றில் எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளக்கிறார்கள். துண்டுப் பிரசுரம் சொல்வது ஒன்று, அளவு கருவி சொல்வது ஒன்று என்று இருக்கலாகாது அல்லவா?

கயத்தாற்றிலிருந்து தெற்கே போகப் போகக் காற்று பலக்கிறது. ஆரல்வாய்மொழியைப் பற்றி எவ்வளவு கேட்டிருந்தாலும் நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். மேற்கு மலைத் தொடர் கன்னியாகுமரியை நெருங்கி முடியப்போகும் இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அரபிக் கடலிலிருந்து வரும் காற்றுக்கு மலை வழி விடுவதில்லை. இந்த வாசலில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு புகுகிறது. திருவிழாக் கூட்டம் கோபுர வாசலில் நெருங்கும்போது எப்படி நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறதோ, அதே கதிதான். பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் என் மேல்வேஷ்டி என்னிடம் விடை பெற்றுக்கொள்ளப் பார்த்தது. வாழை இலை ஒவ்வொன்றும் நார் நாராகக் கிழிந்திருந்தது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து, கற்பூரத் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைத் தூண்களும் சுழலும் இறகுகளும்தான்.

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் எழுந்தது. இன்று மாகாணம் முழுவதிலும் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அவை எங்கெங்கே நிற்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்: ஆரல்வாய்மொழி, கயத்தாறு, செங்கோட்டைக் கணவாய்க்கு நேர் கிழக்கே, கம்பம் பள்ளத்தாக்கு, பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உடுமலைப்பேட்டை, பல்லடம். மலை எங்கே வாய் திறக்கிறதோ அங்கே. ஆரணியும் பெரணமல்லூரும் அந்த வரிசையில் இல்லை.

“அவ்வளவு பெரிய காற்று எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது நாலு விளக்குத்தானே!” என்று பையன் கேட்பான். நியாயமான கேள்விதான். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. துண்டுப் பிரசுரத்திலுள்ள காற்றாடியின் சுற்று, குறுக்கே 2 மீட்டர் அகலம். காற்றிலுள்ள சக்தி முழுவதையும் எந்த யந்திரத்தாலும் பிடிக்க முடியாது. நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் ஒருகாலும் கிட்டாது என்பது ஜெர்மானிய விஞ்ஞானி பெட்ஸ் கண்ட முடிவு. சிறு யந்திரங்கள் 30 பங்கு பிடித்தாலே நல்ல யந்திரம். அப்படி வைத்துக்கொண்டால், விநாடிக்கு 12 மீட்டர் வேகமுள்ள காற்றில் இந்தக் காற்றாடி சுமார் 1 கிலோவாட் தரும். ஆகவே வியாபாரி சொன்னது பொய்யல்ல. ஆனால் அந்த வேகம் மணிக்கு 43 கிலோமீட்டர்! அப்படிப்பட்ட காற்று பெரணமல்லூரில் வீசுகிற அன்று, பாவும் இல்லை, தறியும் இல்லை. எல்லாரும் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 6 மீட்டர் வேகத்தில் அதே யந்திரம் தருவது 120 வாட். 3 மீட்டர் வேகத்தில் 15 வாட். அதாவது, 9 வாட் விளக்கு ஒன்று நன்றாக எரியும். இரண்டாவது விளக்குக்குப் போதாது. இருபத்துநான்கு மணி நேரமும் அந்த இளங்காற்று நிற்காமல் வீசினாலும் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கிடைக்கும். இடையிடையே வரும் பலத்த காற்றைக் கருதி அதை இரண்டு மடங்காக்கிக்கொண்டால் கூட, ஒரு முழு யூனிட் நிரம்பாது.

மொட்டை மாடி விஷயமும் இருக்கிறது. காற்று கட்டடங்களிலும் மரங்களிலும் மோதினால், பாறையில் மோதிய ஆற்று நீரைப் போலச் சுழித்துக் குழம்புகிறது. குழம்பிய காற்றில் காற்றாடி இப்படியும் அப்படியும் திரும்பித் திண்டாடுமே தவிர, நிலையாகச் சுற்றாது. முந்நூறு அடி சுற்றளவுக்குள் உள்ள எந்த மரத்தையும் வீட்டையும் விட முப்பது அடியாவது உயரத்தில் இறகு இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் தேர்ந்தவர்களின் விதி. நெசவாளர் வீதியில் தென்னை மரங்களின் உயரத்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்! இங்கிலாந்தில் வீட்டுக் கூரைகளில் இப்படிப்பட்ட யந்திரங்களை வைத்துப் பரீக்ஷித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சில யந்திரங்கள் உண்டாக்கிய மின்சாரத்தைவிட, தங்களுடைய கருவிகளுக்காக அவை குடித்த மின்சாரம் அதிகமாயிருந்ததாம். பால் கறக்காத பசு, தீவனத்தையும் தின்று விருந்தாளிகளையும் முட்டிய கதைதான்.

இதனால் சிறு காற்றாடியே உபயோகமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்ற கிராமத்துப் பள்ளியில் பால் லா கூர் என்று ஓர் உபாத்தியாயர் இருந்தார். 1891-இல் அவர் ஒரு காற்றாடியை மின்சார யந்திரத்துடன் இணைத்தார். காற்று இல்லாத நாளுக்காக, அந்த மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவைச் சேமித்து வைத்து, அதைக் கொளுத்திப் பள்ளிக்கூடத்துக்கு வெளிச்சம் கொடுத்தார். கிராமத்து இளைஞர்களுக்கு மின்சார வேலையும் கற்பித்தார். எங்கள் ஜாதியில் இப்படியும் ஒருவர் இருந்தார் என்று எண்ணி மனம் பூரித்தேன். அமெரிக்காவில் மொண்டானா ராஜ்யத்துப் பண்ணையில் ஜேகப்ஸ் சகோதரர்கள் 1920-களில் காற்றாடி செய்து விற்றார்கள். அக்கம்பக்கத்தில் மின்சாரக் கம்பியே இல்லாத அந்தக் குடியானவர்களுக்கு விளக்கும் ரேடியோவும் அதனால்தான் கிடைத்தன. 1936-இல் கிராமங்களுக்குக் கம்பி இழுக்கச் சட்டம் வந்த பிறகு அந்தக் காற்றாடிகள் ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன. நமக்கு அருகில் ஆரோவில்லில் பல தகடுகள் கொண்ட காற்றாடிகள் கிணற்று நீரை இறைத்திருக்கின்றன. மரத்தை இழைத்து இறகு செய்து, கையாலேயே கம்பி சுற்றிச் சிறு மின் காற்றாடிகளையும் அங்கே செய்திருக்கிறார்கள். கடல் காற்று வீசும் திறந்த வெளி, கம்பி எட்டாத இடம், பழுது பார்க்கத் தெரிந்த கை: இந்த மூன்றும் கூடினால் சிறு காற்றாடிக்கு நிகரில்லை.

இந்த மூன்றில் ஒன்றாவது பையன் வீட்டில் உண்டா? கம்பி வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. அது மட்டுமா? கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவசமாக இருந்ததை 2023-இல் சர்க்கார் 300 யூனிட்டாக உயர்த்தியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஐந்து யூனிட் வீதம் இனாமாக வருகிறது. நகையை அடகு வைத்து வாங்கும் காற்றாடி ஒரு யூனிட்டுக்கே மூச்சுத் திணறுகிறது!

காந்தியடிகள் காலத்தில், 1929-ஆம் வருஷத்தில், அகில பாரத சர்க்கா சங்கத்தார் நல்ல ராட்டினம் ஒன்று செய்து தருவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்கள். நிபந்தனைகள் என்ன? விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. இருபது வருஷம் உழைக்க வேண்டும். வருஷத்துப் பழுதுச் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகலாகாது. குடிசையில் ஒரு ஸ்திரீ களைப்பின்றி ஓட்ட வேண்டும். எவ்வளவு நூல் நூற்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்தப் பரிசை ஒருவரும் பெறவில்லை. ஆனால் அந்த நிபந்தனைகளை எழுதியவர்கள் ஏழை வீட்டுக்குள் நுழைந்து பார்த்தவர்கள். ஸ்வதேசி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்கும் எந்த யந்திரத்தையும் இந்தக் கேள்விகளைக் கேட்டே உள்ளே விட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எத்தனை வருஷம் உழைக்கும்? இறகு உடைந்தால் ஆரணியில் கிடைக்குமா? ஐந்து வருஷம் கழித்து விற்றவர் எங்கே இருப்பார்?

ஊர் திரும்பியதும் இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து பையனுக்கு விவரித்தேன். கிழவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பையனுக்கு முகம் சற்று வாடியது உண்மைதான்.

“அப்போ ராத்திரி வெளிச்சத்துக்கு என்னங்க செய்யறது?” என்றான்.

ஆரணிப் பிரதேசத்துக்குக் காற்றில் குறை வைத்த கடவுள் வெயிலில் குறை வைக்கவில்லை. 1 கிலோவாட் சூரியத் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தருகிறது. சுழலும் பாகம் எதுவுமில்லை. துடைத்து வைத்தால் போதும். இவனுக்கு அவ்வளவு கூட வேண்டியதில்லை. இரவில் இரண்டு மூன்று மணி நேரம் விளக்கு எரிய ஒரு பாட்டரியும் ஒரு சிறிய தகடும் போதுமானவை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், தமக்குக் குன்றின் மேல்புறத்தில் கொஞ்சம் நிலம் இருப்பதாகவும், அங்கே கம்பி வரவில்லை என்றும், ஆடியில் அங்கே நிற்க முடியாத காற்று என்றும் சொன்னார். அவர் விஷயம் வேறு. ஆடிக் காற்றை மட்டும் நம்ப வேண்டாம் என்றேன். நாற்பது அடிக் கம்பம் ஒன்றை நட்டு, நான்கு பக்கமும் இழுகம்பி கட்டி, உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணச் சக்கரத்தை மாட்டி, சித்திரை முதல் பங்குனி வரை நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். சராசரி வேகம் 5 மீட்டருக்குக் குறையாவிட்டால் காற்றாடியைப் பற்றி யோசிக்கலாம். கம்பத்தைச் சாய்த்து இறக்கும்படியாக அடியில் கீல் வைப்பது நல்லது. பழுது பார்க்க ஏறுகிறவன் உயிர் முக்கியம். புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கிப் படுக்க வைத்துவிடலாம். இடிக்கு மண் கம்பி அவசியம். அவர் எல்லாவற்றையும் ஒரு பழைய காலண்டரின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். கம்பம் நட்டாகிவிட்டது; ஐப்பசி வரை குறித்தும் இருக்கிறார்.

நெசவாளர் வீட்டு நகை பெட்டியிலேயே இருக்கிறது. மாடியில் ஒரு சிறிய சூரியத் தகடு ஏறியிருக்கிறது. துண்டுப் பிரசுரக்காரர் இப்பொழுது சேத்துப்பட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.